பத்து இருபது, ஆறு எண்ணம்

வானகரம் பைபாஸில் கிடந்தது
எங்கள் வண்டியின் பின்டயர் உரிந்த பட்டை,
காசிமேட்டு மணலில் காயப்போட்ட வாளைக் கருவாடுபோல்
நீளமாய், நெளிந்து.
தேசிங்கு அதை ஓரமாய்த் தள்ளிவிட்டு
போன் செய்தான்:
"அக்கா, இனிமே ஒட்டுப் போட முடியாது."

சீட்டை ஏலம் எடுத்தேன்.
கசர் போக எழுபத்திரண்டாயிரம்.
ஆறு சக்கரத்துக்கு வகுத்தால் பன்னிரண்டாயிரம்.
எங்கள் தண்ணித் தொட்டியின் கொள்ளளவும் அதேதான்,
லிட்டரில்.
"இந்தப் பொருத்தத்துக்கு எல்லாம்
டயர் வராது மேடம்" என்றார்
மாதவரம் ரவுண்டானா குஞ்ஞுமோன்.

நைலானா ரேடியலா?
ரேடியல் சூடேறாது, டீசலும் மிச்சம்.
ஆனால் பக்கச்சுவர் மெலிசு.
எங்கள் வழியிலோ
குழாய் பதிக்கத் தோண்டி மூடாத தெருக்கள்,
கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் சைட்டுகள்,
அபார்ட்மென்ட் வாசலில் அழகுக்கு நட்ட
கூர்ங்கருங்கல்.
நைலானே போதும்.

குனிந்து சுவரில் தேடினேன் நாலு இலக்கம்:
எந்த வாரம், எந்த வருடம்.
ரப்பருக்கும் ஜாதகம் உண்டென்பது
போன தடவை ஏமாந்து படித்தது.
"இதுக்கு ரெண்டரை வயசு சேட்டா,
புதுசுன்னு சொல்லாதீங்க."
அவர் சிரித்தார்.
பையனை உள்ளறைக்கு அனுப்பினார்.

தேசிங்கு கேட்டது ஒன்றுதான்.
"முன்னாடி ரெண்டும் புதுசு போட்டுருங்க.
பின்னாடி வெடிச்சா நிறுத்திடுவேன்.
முன்னாடி வெடிச்சா
வண்டி என்னைக் கேக்காது.
பாதித் தண்ணியில பிரேக் அடிச்சுப் பாருங்க,
வண்டி நிக்கும், தண்ணி நிக்காது."

பின்னால் நாலும் ரீட்ரெட்.
பழைய கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார் குஞ்ஞுமோன்,
கண் வேறெங்கோ,
பிரசவம் பார்க்கிறவர்போல்.
மூன்று தேறின.
நான்காவதின் உள்நூல் அறுந்திருந்தது.
விசைப்படகுக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறாராம்,
விலாவில் கட்டித் தொங்கவிட.

அதற்குப் பதில் ஒரு வெளிக்கூடு,
யார் வண்டியில் எதைச் சுமந்து ஓடியதோ.
"டேப் எடுங்க" என்றேன்.
"வட்டமா இருந்தா உருளும்,
இதுல என்ன அளவு" என்றார் என் கணவர் கிருபாகரன்,
போனிலிருந்து தலை தூக்காமல்.

அவருக்குக் குஞ்ஞுமோன்தான் விளக்கினார்:
ஜோடிச் சக்கரத்தில் ஒன்று உயரம் கூடினால்
பாரம் முழுக்க அதன்மேல்.
மற்றது கூடவே சுற்றும்,
அவ்வளவுதான்.
பார்க்கிறவனுக்கு
இரண்டும் ஓடுவதாய்த்தான் தெரியும்.
உயர்ந்ததுதான் முதலில் வெடிக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தேசிங்கு டயர் அடுக்கை எண்ணத் தொடங்கினான்,
ஏற்கெனவே எண்ணியதை.

அளந்தோம்.
ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம்.
அந்தக் கூட்டைத் திருப்பிக் கொடுத்து
அடுக்கின் அடியிலிருந்து வேறு எடுக்க வைத்தேன்.
சரிக்குச் சரி வரும்வரை
நாலு கூடு இறங்கியது.
பையனுக்கு என்மேல் கோபம்.

புதுசு ரெண்டு நாற்பத்தோராயிரம்,
ரீட்ரெட் இருபத்து மூவாயிரத்து இருநூறு,
வெளிக்கூடு நாலாயிரம்,
டியூப், ஃபிளாப் மூவாயிரம்.
பில்லில் அவர் எழுதினார்:
பத்து இருபது, ஆறு எண்ணம்.
அவர் ஊரில் எண்ணம் என்றால் எண்ணிக்கை.
எனக்கு ஆறுக்கு மேலேயே இருந்தது.

மீதி எண்ணூறு.
மூன்று டீக்கு நாற்பத்தைந்து.
கிருபாகரன்தான் எடுத்துக் கொடுத்தார், தன் பையிலிருந்து.
அதையும் கணக்கில் எழுதினேன்.

நாலாம் நாள், விடிய நாலரைக்கு
பள்ளிக்கரணைக்கு முதல் லோடு.
புது டயரில் பூனை மீசைபோல்
ரப்பர் முடிகள் குத்திட்டு நின்றன.
தேசிங்கு வழக்கம்போல் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான்.

சாயங்காலம் வண்டி திரும்பியதும்
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தரை தொட்ட இடத்தில் முடி ஒன்றுகூட இல்லை.
தொடாத ஓரத்தில்
அப்படியே இருந்தது.

"இடது பக்கம் இழுக்கல அக்கா" என்றான்,
வால்வைத் திருகி
மீந்த தண்ணியில் கால் கழுவிக்கொண்டே.